லேப்டாப் கீபோர்டுல கை ஓடுறதும் ஓடாததும் எதுல இருக்கு?

நீங்க கேட்டது இதுதான்: ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் டைப் பண்றீங்க, பழைய லேப்டாப்ல கை பறந்துச்சு, புதுசுல உக்காந்தா எழுத்து விடுபடுது, சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வலிக்குது, இத்தனைக்கும் ரெண்டுலயும் கீ டிராவல் 1.5 மி.மீ.னுதான் போட்டிருக்கு, அப்புறம் ஏன் இப்படி, அடுத்தது வாங்குறப்போ எதைப் பாக்கணும்னு. இந்தக் கேள்விக்குப் பதில் அந்த 1.5ங்கற நம்பர்ல கிடையாது. கீ எவ்ளோ தூரம் கீழ போகுதுங்கறதை மட்டும்தான் அது சொல்லுது, போற வழியில விரலுக்கு என்ன நடக்குதுன்னு சொல்லலை, கீழ போய் எதுல முட்டுதுன்னும் சொல்லலை. இது ரெண்டும்தான் விஷயமே.

முதல்ல கீக்கு அடியில என்ன இருக்குன்னு பாத்துடலாம். லேப்டாப் கீ ஒண்ணை மேல கழட்டினீங்கன்னா (ஆசைக்குக் கழட்டிப் பாக்காதீங்க, அந்தக் கொக்கியெல்லாம் நூல் மாதிரி இருக்கும், உடைஞ்சா திரும்ப நிக்காது) நடுவுல சின்னக் குமிழ் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், அதைச் சுத்தி ரெண்டு பிளாஸ்டிக் சட்டம் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமா கோத்திருக்கும். அதனாலதான் சிசர் கீபோர்டுன்னு பேரு. அதுக்கும் கீழ மூணு அடுக்கு பிளாஸ்டிக் ஷீட், மேல ஷீட்லயும் கீழ ஷீட்லயும் மின்சாரம் போற கோடு அச்சடிச்சிருக்கும், நடு ஷீட்ல கீ இருக்கற இடத்துல மட்டும் ஓட்டை. நீங்க அழுத்தினா ரப்பர் மடங்கி மேல ஷீட்டைத் தள்ளும், அது ஓட்டை வழியா கீழ ஷீட்டைத் தொடும், எழுத்து விழும். கத்தரிக்கோல் சட்டத்தோட வேலை கீயை மட்டமா இறக்கறது மட்டும்தான், நீங்க கீயோட ஓரத்துல அடிச்சாலும் சாயாம முழுசா நேரா இறங்கணும்.

இப்போ ஒரு கீயை ரொம்ப மெதுவா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்திப் பாருங்க. முதல்ல ஒண்ணும் நடக்காது, விரல் அழுத்தம் ஏறிக்கிட்டே போகும், ஒரு இடத்துல திடீர்னு ரப்பர் விட்டுக்கொடுத்து டக்குனு உள்ள போயிடும், போய் அடியில முட்டும். பொதுவா 60 கிராம் பக்கத்துல அழுத்தினா அந்த விட்டுக்கொடுக்கற இடம் வரும். ஏறுன அழுத்தம் எவ்ளோ, அதுலேருந்து எவ்ளோ சட்டுனு இறங்குதுங்கற இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் இருக்கே, அதைத்தான் நம்ம விரல் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லுது. வித்தியாசம் நல்லா இருந்தா கீ விழுந்தது விரலுக்கே தெரியும், ஸ்கிரீனைப் பாக்க வேண்டாம். வித்தியாசம் கம்மியா இருந்தா ஈர மண்ணுல விரல் வைக்கற மாதிரி சவசவன்னு இருக்கும், விழுந்துச்சா இல்லையான்னு சந்தேகத்துலயே மனசு ஒவ்வொரு கீயையும் தேவைக்கு மேல அழுத்தச் சொல்லும். சாயங்காலம் வர்ற வலி பாதி இங்கேருந்துதான் வருது. ஒரே 1.5 மி.மீ.ல ஒரு கீபோர்டு கிண்ணுனும் இன்னொண்ணு செத்த மாதிரியும் இருக்கறதுக்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொண்ணும் இருக்கு, இதைத்தான் யாரும் கவனிக்கறதில்லை. மெக்கானிக்கல் கீபோர்டுல (ஒவ்வொரு கீக்கும் ஸ்பிரிங் வச்ச தனி சுவிட்ச் இருக்கற வகை), உதாரணத்துக்கு செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்ச்ல, மொத்தம் 4 மி.மீ. போகும், ஆனா 2 மி.மீ.லயே எழுத்து விழுந்துடும், பழகின கை அடி வரைக்கும் போகாமலே டைப் பண்ணலாம். ரப்பர் குமிழ்ல அந்த வசதி கிடையாது, கிட்டத்தட்ட அடி வரைக்கும் போனாத்தான் எழுத்தே விழும். அதனால லேப்டாப்ல டைப் பண்ற எல்லாருமே ஒவ்வொரு தடவையும் தரையில முட்டித்தான் ஆகணும். அப்போ அந்தத் தரை எப்படி இருக்குங்கறது ரொம்ப முக்கியம் இல்லையா? கீபோர்டோட அடித்தட்டு உறுதியா நின்னா அடி சுத்தமா இருக்கும். அது வளைஞ்சு கொடுத்தா விரல் கீயை அழுத்தறப்போ தட்டும் கூடவே இறங்கும், ரப்பர் மடங்கற அந்த டக்கே மழுங்கிப்போயிடும்.

எனக்கு இது சொந்த அனுபவத்துல புரிஞ்சுது. நான் வச்சிருந்த ஒரு லேப்டாப்பை ஒரு சின்ன ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிட்டு வந்தேன், அன்னிக்கு ராத்திரியே டைப் பண்ண உக்காந்தா நடுவுல ஜி, ஹெச், பி இருக்கற இடம் தொளதொளன்னு இருக்கு. கீ கெட்டுப்போச்சுன்னே நினைச்சேன். ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு டேபிள் விளக்குக்குக் கீழ வச்சுப் பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தேன், ஒரு விரலால ஜி கீயை அழுத்தினா சுத்தியுள்ள நாலஞ்சு கீயும் சேந்து இறங்கி ஏறுது. பின்பக்கம் கவரைத் திறந்தா கீபோர்டை நடுவுல பிடிச்சிருக்கற ஸ்க்ரூ ரெண்டுல ஒண்ணைக் காணோம், மாட்டாமலே மூடியிருக்காங்க. அதே அளவு ஸ்க்ரூ ஒண்ணு தேடிப் போட்டு முடுக்கினதும் அதே பழைய கீபோர்டு திரும்ப வந்துடுச்சு. கீ மாறலை, ரப்பர் மாறலை, டிராவல் மாறலை, ஒரு ஸ்க்ரூதான். அதுலேருந்து எந்த லேப்டாப்பைத் தொட்டாலும் நான் முதல்ல நடுவுலதான் அழுத்திப் பாப்பேன். இப்போ வர்ற மெல்லிசான மாடல் நிறையதுல ஸ்க்ரூவுக்குப் பதிலா கீபோர்டை மேல் சட்டத்தோட பிளாஸ்டிக் குமிழை உருக்கி ஒட்டிடறாங்க, நல்லா ஒட்டியிருந்தா பிரமாதம், சரியா இல்லைன்னா நாம பண்ணக்கூடியது ஒண்ணும் இல்லை, கீபோர்டு போச்சுன்னா மேல் சட்டத்தையே சேத்து மாத்தணும். ஃபிரேம்வொர்க்னு ஒரு கம்பெனி பண்ற மாதிரி கீபோர்டைத் தனியாக் கழட்டி மாத்தலாம்னு வடிவமைச்ச லேப்டாப் இருக்கறது இந்த விஷயத்துல பெரிய ஆறுதல்.

டிராவல் முக்கியமே இல்லைன்னு சொல்லலை, ஒரு எல்லைக்குக் கீழ போனா எதாலயும் காப்பாத்த முடியாது. ஆப்பிள் 2015ல 12 இன்ச் மேக்புக்ல பட்டர்ஃபிளைனு ஒரு கீபோர்டு கொண்டுவந்தாங்க, டிராவல் சுமார் அரை மி.மீ.தான். கீ கொஞ்சம்கூட ஆடாது, அது அதோட பலம், ஆனா உள்ள இடமே இல்லாததால ஒரு துகள் தூசி போனாக்கூட கீ ஒட்டிக்கும், இல்லை ஒரு தடவை அழுத்தினா ரெண்டு எழுத்து விழும். 2018 ஜூன்ல இலவசமா ரிப்பேர் பண்ணித் தர்றோம்னு அறிவிச்சாங்க, 2019 நவம்பர்ல வந்த 16 இன்ச் மாடல்ல பழையபடி சிசருக்கே திரும்பினாங்க, 2020 மே மாசத்தோட லேப்டாப் எல்லாத்துலயும் மாத்தி முடிச்சாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, திரும்பி வந்த அந்த சிசர் கீபோர்டோட டிராவலும் வெறும் 1 மி.மீ.தான், ஆனா அதுல டைப் பண்ணி நிறையப் பேர் சந்தோஷமா இருக்காங்க, ஏன்னா அடித்தட்டு இரும்பு மாதிரி நிக்கும், டக்குனு விட்டுக்கொடுக்கும். அதே சமயம் 1.8 மி.மீ. போட்டும் சவசவன்னு இருக்கற லேப்டாப்பும் உண்டு. லெனோவோவோட திங்க்பேட்லயே பல மாடல் 1.8லேருந்து 1.5க்கு இறங்கிடுச்சு, பழைய ஆளுங்களுக்கு அது வருத்தம்தான், இருந்தாலும் கீயோட நடுவுல இருக்கற அந்தச் சின்னக் குழிவும் கீழ்ப்பக்கம் வளைஞ்ச ஓரமும் இன்னும் விரலைப் பிடிச்சு நிறுத்துது. மெக்கானிக்கலே வேணும்னு நினைக்கறவங்களுக்கு 2021ல ஏலியன்வேர் எம்15 ஆர்4ல செர்ரியோட 3.5 மி.மீ. உயர சுவிட்ச் போட்டு வந்துச்சு, டிராவல் 1.8, ஆனா அது கனமான கேமிங் லேப்டாப், எழுத்து வேலைக்காக அதைச் சுமக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

கீ மேற்பரப்பு, விளக்கு, சத்தம் இதெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். நாளாக நாளாக கீ பளபளன்னு ஆகறது பிளாஸ்டிக் தேயறதால, தடுக்க முடியாது. விளக்கு கீயோட ஓரத்துல கசிஞ்சா ராத்திரி கண்ணைக் குத்தும். சத்தம் உங்க பக்கத்துல உக்காந்திருக்கறவங்களைப் பொறுத்தது.

இப்போ லேஅவுட்டுக்கு வர்றேன், என்னைக் கேட்டா டைப் பண்ற சுகத்தைவிட இதுதான் முதல்ல பாக்க வேண்டியது. ஏன்னா அழுத்தத்துக்கும் ஆழத்துக்கும் கை ரெண்டு வாரத்துல ஓரளவு பழகிடும், ஆனா தப்பான இடத்துல இருக்கற கீ, அதுவும் நீங்க வீட்ல ஒரு கீபோர்டும் வேலையில ஒரு கீபோர்டும் மாத்தி மாத்திப் பாவிச்சா, தினமும் புதுசா உசிரை வாங்கும்.

எழுத்துக் கீ எல்லாம் பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது, ஒரு கீயோட நடுவுலேருந்து அடுத்த கீயோட நடுவுக்கு 19 மி.மீ. இருந்தா சாதாரண கீபோர்டு அளவேதான். 13 இன்ச்சுக்குக் கீழ போனா அந்த 19ஐ எழுத்துல காப்பாத்திட்டு ஓரத்துல பிடுங்கிடுவாங்க, என்டர், வலது ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ், நிறுத்தக்குறி கீ எல்லாம் ஒடுங்கிப்போயிருக்கும், சுண்டுவிரல் தடுமாறும். போட்டோல பாக்கறப்போ அழகாத்தான் தெரியும், அதனால ஓரத்து கீயைத்தான் உத்துப் பாக்கணும்.

அம்புக்குறி கீயை எடுத்துக்கோங்க. மேல ஒண்ணு, கீழ மூணுன்னு தலைகீழ் டி வடிவத்துல வைக்கறது 1982ல டிஜிட்டல் எக்விப்மென்ட் (சுருக்கமா டெக்)ங்கற கம்ப்யூட்டர் கம்பெனியோட எல்கே201 கீபோர்டுல வந்து நிலைச்சது, நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அதைவிட நல்ல வடிவம் வரலை. அதோட ரகசியமே இடது வலது கீக்கு மேல இருக்கற அந்தக் காலி இடம்தான், விரல் பாக்காமலே தடவி அந்தப் பள்ளத்தை வச்சு தான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிச்சுக்கும். இடது வலதை முழு உயரத்துக்கு நீட்டி மேல் கீழை மட்டும் பாதியா வெட்டி நடுவுல சொருகினா பள்ளம் போயிடுது, விரலுக்குக் கண்ணு போயிடுது. எடிட்டிங் பண்றவங்க, கோட் எழுதறவங்க வார்த்தை வார்த்தையா ஷிஃப்ட்டும் கன்ட்ரோலும் பிடிச்சுக்கிட்டு அம்புலயே ஓடுவாங்க, அவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆப்பிளும் சில வருஷம் இப்படி நீட்டி வச்சுட்டு, அந்த 2019 கீபோர்டுலதான் தலைகீழ் டிக்குத் திரும்பினாங்க. அந்தக் காலி இடத்துல பேஜ் அப், பேஜ் டவுன் வைக்கற கம்பெனிகளும் உண்டு, எனக்கு அதுல பாதி சம்மதம்தான், கீ கிடைக்குது ஆனா தெரியாம பட்டுட்டா பக்கம் எங்கயோ ஓடிப்போயிடும். ஹோம், எண்ட் தனி கீயா இருக்கா இல்லை எஃப்என் பிடிச்சுக்கிட்டு அம்பை அழுத்தணுமான்னும் பாருங்க, நீளமா எழுதற ஆளுக்கு ஒரு நாள்ல நூறு தடவை வேண்டியிருக்கும்.

15, 16 இன்ச்ல நம்பர் பேடு வருதே, அதைப் பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன், நீங்க கணக்கு வேலை பாக்கறவரா இல்லைன்னா அது வேண்டாம். காரணம் இடம்தான். நம்பர் பேடு வலப்பக்கம் உக்காந்ததும் எழுத்துக் கீ எல்லாம் இடப்பக்கம் தள்ளிப்போகும், எஃப், ஜே மேல இருக்கற மேடு ஸ்கிரீனோட நடுவுல இல்லாம இடதுல நிக்கும், டச்பேடும் கூடவே நகரும். கண்ணு நடுவுல, கை இடதுல, உடம்பு ரெண்டுக்கும் நடுவுல லேசாத் திரும்பியே நாள் முழுக்க உக்காந்திருக்கும், தோள்பட்டை ஒரு பக்கம் மட்டும் வலிக்குதுன்னு சொல்றவங்களை நான் முதல்ல கேக்கறது உங்க லேப்டாப்ல நம்பர் பேடு இருக்கான்னுதான்.

என்டர் கீ படுத்து நீளமா இருக்கா, இல்லை நிமிர்ந்து ரெண்டு வரிசைக்கு நிக்குதான்னு பாருங்க. படுத்திருந்தா ஆன்ஸி, நிமிர்ந்திருந்தா ஐஎஸ்ஓ, கீபோர்டு அமைப்புக்கு இருக்கற ரெண்டு தரநிலையோட பேரு இது. ஐஎஸ்ஓல இடது ஷிஃப்ட் குட்டையாயிடும், அதுக்குப் பக்கத்துல கூடுதலா ஒரு கீ வந்து உக்காரும், என்டர் ஒரு கீ தூரம் தள்ளிப்போகும். ரெண்டுல எது நல்லதுங்கறது இங்க கேள்வி இல்லை, உங்க கை எதுல வளந்துச்சோ அதையே வாங்குங்க, ஆன்லைன்ல வாங்குறப்போ படத்துல ஒண்ணு வந்து சேர்றது ஒண்ணுன்னு ஆகறது இதுலதான் அதிகம், முன்னாடியே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

இடது கீழ் மூலையில எஃப்என் இருக்கா கன்ட்ரோல் இருக்காங்கறது இன்னொரு பழைய சண்டை. திங்க்பேட்ல ரொம்ப வருஷமா எஃப்என்தான் மூலையில இருந்துச்சு, பயாஸ்ல (விண்டோஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே உள்ள போய்ப் பாக்கற அடிப்படை செட்டிங்ல) போய் ரெண்டையும் இடம் மாத்திக்கற வசதியும் குடுத்திருந்தாங்க, 2024 மாடல்லேருந்து அவங்களே கன்ட்ரோலை மூலைக்குக் கொண்டுவந்துட்டாங்க. பவர் பட்டனை டெலீட்டுக்குப் பக்கத்துல அதே வடிவத்துல வைக்கறதும் இப்போ பெருகிடுச்சு, அது மத்த கீயைவிட கெட்டியா, அழுத்தினா கூடுதல் பலம் கேக்கற மாதிரி இருந்தா பொறுத்துக்கலாம், இல்லைன்னா எழுதிட்டிருக்கும்போதே ஸ்கிரீன் அணைஞ்சுடும். 2024 ஜனவரில மைக்ரோசாஃப்ட் அவங்க ஏஐ உதவியாளரைத் திறக்கறதுக்குக் கோபைலட் கீன்னு ஒண்ணை அறிவிச்சாங்க, பல லேப்டாப்ல அது வலது கன்ட்ரோலோ மெனு கீயோ இருந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. வலது கன்ட்ரோலைப் பாவிக்கறவங்களுக்கு இது பெரிய நஷ்டம், ஏன்னா அந்தக் கீ அனுப்பறது ஒத்தை சிக்னல் இல்லை, இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 (சாதாரண கீபோர்டுல இல்லாத ஒரு கீ) மூணும் சேந்த கூட்டு, அதைத் திரும்ப வலது கன்ட்ரோலா மாத்தறது எல்லா சாஃப்ட்வேர்லயும் சுலபமா அமையறதில்லை.

கீயே இல்லாம தொடு பட்டை வைக்கற பரிசோதனையும் நடந்துச்சு. லெனோவோ 2014 எக்ஸ்1 கார்பன்ல மேல் வரிசையைத் தொடு பட்டையா மாத்தி, கேப்ஸ் லாக் இடத்துல ஹோமும் எண்டும் வச்சாங்க, அடுத்த வருஷமே எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சுட்டாங்க. ஆப்பிள் 2016ல டச் பார் கொண்டுவந்து எஸ்கேப்பையும் அதுக்குள்ள போட்டாங்க, 2019ல எஸ்கேப் மட்டும் நிஜக் கீயாத் திரும்பி வந்துச்சு, 2021ல வந்த 14, 16 இன்ச் மாடல்ல பட்டையே இல்லை. விரல் தொட்டு உணர முடியாததைக் கீன்னு சொல்லக்கூடாதுங்கறது என் உறுதியான கருத்து.

லேஅவுட் கோளாறு கொஞ்சத்தை சாஃப்ட்வேர்ல சரி பண்ணலாம். விண்டோஸ்ல பவர்டாய்ஸ் கீபோர்டு மேனேஜர், மேக்ல காராபைனர், லினக்ஸ்ல கீடி இருக்கு. நான் எந்த மெஷின் வந்தாலும் முதல் நாளே கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலா மாத்திடுவேன், சுண்டுவிரல் மூலைக்கு மடங்கற வேலை போயிடும், இதை ஒரு மாசம் பண்ணிப் பாத்தீங்கன்னா திரும்ப மாட்டீங்க. ஆனா எஃப்என் கீயை இப்படி மாத்த முடியாது, பெரும்பாலான லேப்டாப்ல அது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்து சேர்றதே இல்லை, உள்ள இருக்கற தனி சிப்பே அதைப் பாத்து முடிச்சுடும், பயாஸ்ல வசதி இருந்தாத்தான் உண்டு.

கடையில எப்படிச் சோதிக்கறதுன்னு கேட்டா, நின்னுக்கிட்டு ரெண்டு கீயைத் தட்டிப் பாத்துட்டு வராதீங்க. உக்காருங்க. நடுவுல ஜி கீயை ஒரு விரலால அழுத்திப் பக்கவாட்டுல தட்டு இறங்குதான்னு பாருங்க. ஸ்பேஸ் பாரோட ரெண்டு ஓரத்தையும், ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் ஓரத்தையும் மூலையில தொட்டு அழுத்துங்க, நடுவுல அழுத்தற மாதிரியே இறங்கி எழுத்து விழணும். அப்புறம் நோட்பேடைத் திறந்து உங்களுக்கு மனப்பாடமா இருக்கற ஒரு பாராவை உங்க வேகத்துல அடிங்க, கண்ணை மூடிக்கிட்டு அம்பு, டெலீட், ஹோம், எண்ட் தேடுங்க. கடைசியா ரெண்டு ஷிஃப்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஆங்கில எழுத்து இருபத்தாறையும் வரிசையா அடிச்சுப் பாருங்க. சில எழுத்து விழாது, பயப்பட வேண்டாம், கீ எல்லாம் குறுக்கு நெடுக்குக் கம்பி வலையா இணைச்சிருக்கறதால சில மூணு கீ கூட்டணியை கீபோர்டால பிரிச்சறிய முடியாது, அதனால வேணும்னே விட்டுடும். அன்றாடம் ரெண்டு ஷிஃப்டையும் யாரும் பிடிக்கறதில்லை, ஆனா நீங்க வழக்கமாப் பாவிக்கற ஷார்ட்கட் ஏதாவது அதுல மாட்டுதான்னு பாத்துக்கணும்.

இப்போ கையில இருக்கற லேப்டாப்புக்கு. வலி மரமரப்பா மாறினா, ராத்திரி தூக்கத்துல விரல் மரத்துப்போனா கீபோர்டை விட்டுட்டு முதல்ல டாக்டரைப் பாருங்க. அது இல்லைன்னா, உக்காந்து வேலை பாக்கற இடத்துல லேப்டாப்பைக் கண்ணு உயரத்துக்கு ஏத்தி வச்சு வெளி கீபோர்டு ஒண்ணு இணைச்சுக்கோங்க, ஏழெட்டு மணி நேரத்துக்கு அதுதான் சரி, லேப்டாப் கீபோர்டு வெளிய போறப்போ இருக்கட்டும்.

விடுபடற எழுத்துக்கு ஒரு வேலை பண்ணுங்க, ஒரு நாள் முழுக்க எது எது விடுபடுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டே வாங்க. எப்பவும் அதே ஒண்ணு ரெண்டு எழுத்துன்னா அந்தக் கீக்கு அடியில தூசியோ தேஞ்ச ரப்பரோ, லேப்டாப்பைச் சாய்ச்சுப் பிடிச்சு காத்தடிச்சுப் பாருங்க, போகலைன்னா வாரண்டி இருக்கறப்பவே காமிச்சுடுங்க. ஸ்பேஸ் மட்டும் விடுபட்டா கட்டை விரல் எந்த ஓரத்துல படுதுன்னு கவனிங்க, அந்த ஓரம்தான் சரியா இறங்கலை. எழுத்து கலந்து கலந்து விடுபட்டு, அதுவும் வேகமா அடிக்கறப்போ மட்டும்னா, கீ அடி வரைக்கும் போறதுக்கு முன்னாடியே உங்க விரல் கிளம்பிடுதுன்னு அர்த்தம், பழைய கீபோர்டோட டக்கை எதிர்பாத்துப் பழகின விரல் அது, அதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் டைம் குடுங்க. நடுவுல இருக்கற எழுத்தா மட்டும் விடுபட்டுச்சுன்னா பின்பக்க ஸ்க்ரூவை எண்ணிப் பாருங்க.